நாற்பத்தோராவது ஸ்லைடு

ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, பன்னிரண்டு நாளுக்கு முன்பே செத்து, பார்மலினில் ஊறி, மெழுகில் புதைந்து, வெங்காயத் தோலைவிட மெல்லியதாகச் சீவப்பட்டு, ஊதாவும் ரோஜா நிறமுமாகச் சாயமேறி, கண்ணாடிக்கு அடியில் ஒட்டப்பட்டிருந்த ஓர் எலியின் நுரையீரல், ஜெபக்கனியின் மைக்ராஸ்கோப்புக்குக் கீழே மூச்சு விட்டது.

அவள் அலறவில்லை. ஓடவில்லை. அடுத்த மேஜையில் உட்கார்ந்திருந்த என் பக்கம் திரும்பி, மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

"மேடம், இந்த எலிக்கு இன்னும் மூச்சு இருக்கு."

நான் என் ஸ்லைடிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டேன். "காலைல சாப்பிட்டியா இல்லியா?"

"சாப்பிட்டேன் மேடம். நாலு இட்லி. நீங்க ஒரு மட்டம் வந்து பாருங்களேன்."

அன்றைக்கு நான் எழுந்து போயிருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். நான் போகவில்லை.

எங்கள் ஆய்வுக்கூடம் ஒரகடம் தாண்டி ஓர் ஏரிக்கு எதிரே இருக்கிறது. புது மருந்து எதுவும் மனிதர் வாய்க்குப் போகும் முன்னால் எங்கள் எலிகளின் வாய்க்குப் போகும். அது நோயைக் குணப்படுத்துமா என்பது வேறு யாருடைய கவலையோ. அது ஆளைக் கெடுக்குமா, எவ்வளவு கொடுத்தால் கெடுக்கும், எந்த உறுப்பை முதலில் கெடுக்கும் என்பதுதான் எங்கள் கவலை. நானும் ஜெபக்கனியும் படிப்பால் மாட்டு வைத்தியர்கள், பிழைப்பால் செத்த எலியின் ஈரலையும் இதயத்தையும் சிறுநீரகத்தையும் கண்ணாடியில் பார்த்துத் தீர்ப்பு எழுதுகிறவர்கள். அவள் நாசரேத்துக்காரி, நான் கோவில்பட்டி. மூன்று வருடத்துக்கு முன்பு அவள் வேலைக்குச் சேர்ந்தபோது, எது நோய், எது சாயத்தின் கோளாறு, எது வெறும் மடிப்பு என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது நான்தான்.

விஷயம் அன்று மத்தியானத்துக்குள் கூடம் முழுக்கப் பரவிவிட்டது. ஜெபக்கனியின் மைக்ராஸ்கோப்பில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே ஸ்லைடைப் பார்க்கலாம், இரண்டு பக்கமும் கண் வைக்க இடமுண்டு. அவள் தன் இடத்தில் உட்கார்ந்து, இடது கை விரலைப் பார்வையைத் தெளிவாக்கும் திருகின் மேல் வைத்திருக்கும் வரைக்கும் எதிர் நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் தெரிந்தது. நுரையீரல் விரிந்து சுருங்கியது, குடலின் உட்சுவரில் விரல்போல் நீண்டிருப்பவை அலைந்தன, இதயம் துடித்தது. உயிரோடு இருக்கும்போது எலியின் இதயம் நிமிடத்துக்கு முந்நூறுக்கு மேல் துடிக்கும். கண்ணாடிக்குக் கீழே அது, செத்த பிறகு என்ன அவசரம் என்பதுபோல, ஒன்று இரண்டு என்று எண்ணக்கூடிய நிதானத்தில் துடித்தது. அவள் விரலை எடுத்தால் எல்லாம் நின்றுவிடும். அதே ஸ்லைடை என் மைக்ராஸ்கோப்பில் வைத்தால் அது ஸ்லைடு, அவ்வளவுதான்.

எலிக்கூடத்தில் தீனி போடுகிறவர்கள் வந்து பார்த்தார்கள், பார்த்துவிட்டு இது மூணாம் ரூம் எலி, எப்போதும் இப்படித்தான் மூக்கை உறிஞ்சும் என்று அடையாளம் சொன்னார்கள். பாத்திரம் கழுவுகிறவர்கள் வந்தார்கள், கணக்குப் பிரிவு வந்தது, வாசல் காவலர்கள் முறை வைத்து வந்தார்கள், எங்கள் இயக்குநர் ராமதுரை வந்து பார்த்துவிட்டு ஐந்து நிமிடம் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். எல்லோரும் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை.

தர உறுதிப் பிரிவின் தணிகைவேல் கடைசியாக வந்தார். சூரியன் ஒருநாள் தாமதமாக உதித்தால் அதனிடமும் ஒரு படிவத்தை நீட்டிக் காரணம் எழுதச் சொல்லக்கூடிய மனிதர். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சிறுநீரகம் வேலை செய்வதைப் பொறுமையாகப் பார்த்தார். பிறகு எழுந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "இந்த மைக்ராஸ்கோப் கடைசியா எப்ப சரிபார்த்தது?"

ஆள் வந்து சரிபார்த்து, லென்ஸில் இருந்த பூஞ்சையைத் துடைத்து, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனான். அறிக்கைப் படிவத்தில் நிறம், அளவு, சிதைவு என்ற கட்டங்களுக்குப் பக்கத்தில் அசைவு என்று ஒரு கட்டம் முளைத்தது. துடிப்பை எண்ணும்போது பக்கத்தில் பேசக் கூடாது, தும்மினால் முதலிலிருந்து எண்ண வேண்டும், இருமலுக்கு விலக்கு உண்டு என்றெல்லாம் பதினான்கு பக்கத்துக்கு விதி எழுதப்பட்டு எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். புரட்டாசியில் மேற்பார்வைக்கு இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். ஒருவர் துடிக்கும் இதயத்தைப் பார்த்துக் கண் கலங்கினார். மற்றவர், இதைப் பார்க்க இந்தப் பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்தது யார், சான்று எங்கே என்று கேட்டார். தணிகைவேல் கோப்பைப் பிரித்துக் காட்டினார். தனியாகப் பார்வையிடத் தகுதி பெற்றவர், பயிற்சி அளித்தவர் செண்பகவல்லி என்று என் கையெழுத்தோடு இருந்தது. இரண்டு பேரும் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார்கள்.

"எல்லாம் உங்க கைராசிம்மா," என்றார் ராமதுரை.

எனக்குப் பொறாமை. வேறு மரியாதையான சொல் ஏதாவது கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன், தொழில் அக்கறை என்று ஒன்றும், விஞ்ஞான ஐயம் என்று ஒன்றும் கிடைத்தன, இரண்டும் அளவு சரியில்லாத ரவிக்கைபோல எனக்குப் பொருந்தவில்லை. இருபத்திரண்டு வருடம் பார்த்திருக்கிறேன். நாலு லட்சம் ஸ்லைடுக்குக் குறையாது. கழுத்து எலும்பு தேய்ந்தது, கண் பவர் ஏறியது, ஒரு நாளும் அலட்சியமாக ஒரு ஸ்லைடைத் தள்ளியதில்லை. அந்த நாலு லட்சத்தில் ஒன்றாவது, ஒரே ஒரு தடவையாவது, என்னைப் பார்த்துக் கண் சிமிட்டியிருக்கக் கூடாதா?

அவள் ஒன்றும் பெரிய ஒழுங்குக்காரியுமில்லை. கம்பெனி பஸ்ஸை வாரத்தில் இரண்டு நாள் விட்டுவிடுவாள். மேஜை முழுக்க பிஸ்கட் தூள். லென்ஸில் விட்ட எண்ணெயைத் துடைக்காமல் சாப்பிடப் போவாள். பார்க்கும்போது மூக்கால் ஏதோ பாட்டு முனகுவாள், ஆளையே கிறுக்காக்கும். இவளுக்குத்தான் அது வந்தது. வந்ததற்காக அவள் தலை கனத்துத் திரிந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவளோ எனக்குப் பிடிக்குமென்று கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்து தந்தாள்.

ஒருநாள் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். அதே ஸ்லைடு, அதே திருகு, அவளைப் போலவே இடது கை விரல். வேறு வழியில்லாமல் அந்தப் பாட்டையும் மூக்கால் முனகிப் பார்த்தேன். நுரையீரல் அசையவில்லை. அசைந்தது பின்னால் கதவுதான்.

"மேடம், உங்க மைக்ராஸ்கோப் ரிப்பேரா?" என்று கேட்டார் தணிகைவேல்.

ஐப்பசி பிறந்ததும் வெளியிலிருந்து ஸ்லைடுகள் வர ஆரம்பித்தன. முதலில் கொண்டுவந்தது கேன்டீனில் தோசை சுடும் கன்னியம்மா. ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்தால் ஸ்லைடை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுவார்கள் அல்லவா, ஆள் போய்விடுவார், ஸ்லைடு ரேஷன் கார்டோடும் ஆதாரோடும் மஞ்சள் பையில் கிடக்கும். கன்னியம்மாவின் புருஷன் போய் ஆறு வருடம். அவருடைய நுரையீரலில் அரிசியளவு, ஒரு கண்ணாடித் துண்டில் அவள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது. ஜெபக்கனி அதை மைக்ராஸ்கோப்பின் தட்டில் வைத்து, தட்டை இப்படியும் அப்படியும் நகர்த்தி, ஒரு மூலையில் நிறுத்தி, எதிர் நாற்காலியைக் காட்டினாள்.

கன்னியம்மா கண்ணை வைத்தாள். வைத்த கண்ணை எடுக்காமலே திட்ட ஆரம்பித்தாள்.

"பாரு, பாரு, இப்பவும் எப்பிடி இழுத்து இழுத்து வுடறான் பாரு மூச்ச. பீடிய வுட்றா வுட்றான்னு தலபாடா அடிச்சிக்கினேனே, கேட்டியா? கேட்டியாய்யா நீ?"

ஒரு மணி நேரம் திட்டினாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் அன்றைக்கு எல்லோருக்கும் நெய் ஊற்றித் தோசை வார்த்தாள்.

அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு என்று முறையாகிவிட்டது. ஒரகடத்திலிருந்தும் வாலாஜாபாத்திலிருந்தும் சனங்கள் வந்தார்கள், கைக்குட்டையில் சுற்றியும், மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வைத்தும், விபூதி பொட்டலம்போல் மடித்தும் தங்கள் ஆட்களைக் கொண்டுவந்தார்கள், அப்பாவின் தொண்டை, அக்காவின் மார்பு, கல்யாணமாகி எட்டே மாதமான ஒருத்தனின் எலும்பு. காவலர்கள் டோக்கன் கொடுத்தார்கள். ஆளுக்குப் பத்து நிமிடம் என்று விதி, அதற்கும் தணிகைவேல் ஒரு பதிவேடு போட்டார். வந்தவர்கள் புல்தரையில் வரிசையாக உட்கார்ந்து அவரவர் ஆளின் சாப்பாட்டு ருசியைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். ஒரு வாரத்துக்குள் யாருக்கும் இதில் ஆச்சரியம் இல்லாமல் போய்விட்டது. டோக்கன் கிடைக்குமா, பஸ் கிடைக்குமா என்பதுதான் பேச்சு.

நோயும் அந்த ஸ்லைடுகளில் உயிரோடுதான் இருந்தது, அதுவும் அசைந்தது, தின்றது. ஆனால் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. ஜெபக்கனி ஒவ்வொரு ஸ்லைடிலும் நோய் தொடாத ஒரு மூலையைத் தேடி, அங்கே நிறுத்திவிட்டுத்தான் ஆளைக் கூப்பிட்டாள். அதை அவளுக்கு நான் சொல்லிக்கொடுக்கவில்லை. நோய் இருக்கிற இடத்தைத் தேடத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

என்னிடமும் ஒரு ஸ்லைடு இருந்தது.

என் வீட்டுக்காரர் மாரிச்செல்வம் தொலைபேசி இலாகாவில் இருந்தார். ஒன்பது வருடத்துக்கு முன் அவர் ஈரலில் ஊசி விட்டு எடுத்த சதையை, ரிப்போர்ட் வரும்வரை பொறுக்காமல், ஆஸ்பத்திரியில் எனக்குத் தெரிந்தவரிடம் கேட்டு நானே பார்த்தேன். அவர் வெளியே பெஞ்சில் செய்தித்தாளில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அரை நிமிடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது, என் தொழில் அது. வெளியே வந்து, ஒண்ணுமில்ல, இன்னொரு டெஸ்ட் எடுப்பாங்க என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "உன் மூஞ்சியே ரிப்போர்ட் மாதிரில்ல இருக்கு" என்று சிரித்தார். நாலு மாதம் இருந்தார்.

அந்த ஸ்லைடை ஐப்பசியிலிருந்து தினமும் கைப்பையில் வைத்து ஆபீசுக்குக் கொண்டுவந்தேன், தினமும் திருப்பிக் கொண்டுபோனேன். ஜெபக்கனியிடம் கேட்டால் போதும். டோக்கன்கூட வேண்டாம், உடனே தருவாள், சந்தோஷமாகத் தருவாள். அதுதான் என்னால் முடியவில்லை. என் புருஷனை எனக்குக் காட்ட அவள் விரல் வேண்டும் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. வெள்ளிக்கிழமைகளில் ஜன்னலை மூடிவிட்டு வேலை பார்த்தேன். ஊரெல்லாம் பார்த்தது. நான் பார்க்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் தை மாதத்தில் முழங்கால் வலி மாத்திரை தின்ற எலிகளின் ஸ்லைடுகள் எங்கள் மேஜைக்கு வந்தன. நாற்பது எலிகள், நாலு கூட்டம். ஒரு கூட்டத்துக்கு மருந்தில்லாத வெறும் கரைசல், மற்ற மூன்றுக்கும் குறைந்த அளவு, நடு அளவு, அதிக அளவு. தொண்ணூறு நாள் கொடுத்தும் எல்லாம் நன்றாகத் தின்றன, எடை போட்டன. இரத்தத்தில் கோளாறில்லை, ஈரலில் கோளாறில்லை. மாத்திரைக்காரர்கள் சித்திரையில் முதன்முதலாக எட்டு மனிதர்களுக்கு அதைக் கொடுக்க நாள் குறித்துவிட்டார்கள். நடு அளவு எலிக்குச் சுகமாக இருந்தால், அதை வைத்துத்தான் மனிதர்களின் அளவைக் கணக்கிடுவார்கள்.

முதல் பார்வை ஜெபக்கனியுடையது. அவள் எழுதியிருந்தாள்: அதிக அளவு கொடுத்த கூட்டத்தில் ஒவ்வோர் இதயமும் பத்துத் துடிப்புக்கு ஒன்றை விடுகிறது. நடு அளவில் முப்பதுக்கு ஒன்று. மற்ற இரண்டு கூட்டத்திலும் விடவில்லை. சதையில் பார்வைக்குக் கோளாறு எதுவும் இல்லை.

மறுபார்வை என்னுடையது. எங்கள் தொழிலில் இதற்கொரு வழக்கம் உண்டு. முதலில் பார்த்தவரும் மறுபடி பார்த்தவரும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வருவார்கள். அந்த முடிவு மட்டும்தான் கோப்பில் நிற்கும். அதற்கு முன் எழுதிய குறிப்புகள் கிழிக்கப்படும், யார் என்ன சொன்னார், யார் யாரை மடக்கினார் என்பதற்குச் சுவடே இருக்காது. அதாவது நான் இல்லை என்று சாதித்து அவளை ஒத்துக்கொள்ள வைத்தால், அந்தத் தவறிய துடிப்பு உலகத்தில் எங்கேயும் இருக்காது.

நாற்பது இதயத்தையும் என் மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். வரிவரியாக நல்ல தசை. "ஒண்ணும் இல்லை," என்றேன்.

"உங்க மைக்ராஸ்கோப்புல தெரியாது மேடம். இங்க வந்து உக்காந்து பாருங்க."

"ரெண்டு பேர் தனித்தனியா பாத்து ரெண்டு பேருக்கும் தெரிஞ்சாதான் அது கண்டுபிடிப்பு. நீ விரல வச்சாதான் தெரியும்னா அது வித்தை. இத நம்பி ஒரு மருந்த நிறுத்தச் சொல்லுதியா?"

சொன்னது விதிப்படி நூற்றுக்கு நூறு சரி. சொன்ன வாய்தான் சரியில்லை.

அவள் முகம் சிவந்தது. முதன்முறையாக அவளுக்குக் கோபம் வந்து பார்த்தேன். "எட்டு பேரு மேடம். அதுல ஒருத்தனுக்கு ஏற்கெனவே நெஞ்சு பலவீனமா இருந்துச்சுன்னா? நீங்க ஒரே ஒரு மட்டம் பாத்துட்டு இல்லன்னு சொல்லுங்க, நானே கிழிச்சுப் போட்டுருதேன். பாக்காமலே இல்லன்னு சொல்லாதீங்க. ஆறு மாசமா ஊரே பாக்குது. நீங்க மட்டும் ஏன் மேடம் என் பக்கமே திரும்ப மாட்டேங்கீங்க?"

ஒரு விஞ்ஞானி சொல்லக்கூடிய பதிலைச் சொன்னேன். "பேரை மறைச்சுத் திருப்பிப் பாரு. எது எந்தக் கூட்டம்னு தெரியாம எண்ணிச் சொல்லு. ஒண்ணு தப்பினாலும் கிழிச்சிரணும்."

"சரி," என்றாள்.

அன்று மத்தியானம் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு, நாற்பது ஸ்லைடுகளின் எண்ணின் மேலும் வெள்ளைக் காகிதம் ஒட்டி, கலைத்துப்போட்டு, புது எண் எழுதினேன். எது எது என்ற பட்டியல் என் இழுப்பறையில். வேலை முடிந்ததும் கைப்பையைத் திறந்தேன். மாரிச்செல்வம், ஆண், நாற்பத்தொன்பது என்று எழுதியிருந்த இடத்தின் மேலும் அதே வெள்ளைக் காகிதத்தை ஒட்டி, நாற்பத்தொன்று என்று எழுதி மற்றவற்றோடு தட்டில் வைத்தேன்.

ஏன் செய்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அவள் எண்ணிக்கொண்டே வரும் வேகத்தில் அதையும் எலி என்று நினைத்து ஏதாவது உளறுவாள், ஒன்று தப்பிவிட்டது என்று சிரித்துக்கொண்டே குறிப்பைக் கிழிக்கலாம் என்பது ஒன்று. கேட்காமலே அவரைப் பார்த்துவிடலாம் என்பது இன்னொன்று. இரண்டில் எது பெரிது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. பொறாமை என் புருஷனையே கண்ணியாக வைக்கச் சொன்னது, நான் வைத்தேன். மனித ஈரலுக்கும் எலியின் இதயத்துக்கும் முதல் வருடப் பிள்ளைக்கே வித்தியாசம் தெரியும் என்பது, நாலு லட்சம் ஸ்லைடு பார்த்த எனக்கு அந்த மத்தியானம் தோன்றவே இல்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு உட்கார்ந்தோம். அவள் தன் மைக்ராஸ்கோப்பில், நான் என் மேஜையில் பட்டியலோடு, முதுகைக் காட்டிக்கொண்டு. அவள் எண்ணி எண்ணிச் சொல்வாள், நான் குறிப்பேன்.

"ஒண்ணு. விடல. ரெண்டு. பத்துக்கு ஒண்ணு. மூணு. விடல. நாலு. விடல. அஞ்சு. முப்பதுக்கு ஒண்ணு."

பட்டியலில் இரண்டாவது அதிக அளவு. ஐந்தாவது நடு அளவு. ஆறு சரி, ஏழு சரி, எட்டு சரி. இருபது வரும்போது பட்டியலைப் பார்க்கவே பிடிக்கவில்லை. மருந்தைக் கூட்டினால் கூடுகிறது, குறைத்தால் குறைகிறது, மருந்தே இல்லாவிட்டால் இல்லை. மருந்துதான் காரணம் என்பதற்கு எங்கள் தொழிலில் இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது, அதை என் முதுகுக்குப் பின்னாலிருந்து அவள் மூக்கால் பாட்டு முனகிக்கொண்டே சொல்லிக்கொண்டு வந்தாள், முப்பது சரி, முப்பத்தைந்து சரி, நாற்பதும் சரி.

பிறகு பாட்டு நின்றுவிட்டது. மைக்ராஸ்கோப்பின் தட்டு நகர்கிற சத்தம் மட்டும் கேட்டது, இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம். வெகுநேரம் தேடினாள்.

"மேடம்," என்றாள். "இது எலி இல்ல."

நான் திரும்பவில்லை.

"மனுஷ ஈரல்." குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "முக்காவாசி போயிருச்சு. ஆனா வலது பக்கம் மேல் மூலையில கொஞ்சம் நல்ல இடம் இருக்கு. நான் அங்கயே வச்சிருக்கேன். விரல எடுக்க மாட்டேன். நீங்க மெதுவா வாங்க."

யாருடையது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் ஏதாவது பொய் சொல்லித் தப்பித்திருப்பேன்.

எழுந்து போய் அவளுக்கு எதிரே உட்கார்ந்து கண்ணை வைத்தேன்.

செல்கள் வரிசை வரிசையாக நின்றன. வரிசைகளுக்கு நடுவே இருந்த சந்துகளில் இரத்த அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக, மணி அடித்ததும் வகுப்புக்குப் போகும் பிள்ளைகள்போல, இடித்துக்கொள்ளாமல் போய்க்கொண்டிருந்தன. ஒரு கோளாறும் இல்லை. சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் பேப்பர் படிக்கிற ஒரு சுகமான மனிதனின் ஈரல். இந்தச் சதையை நான் ஒன்பது வருடத்துக்கு முன் பார்த்திருக்கிறேன், ஆனால் இந்த மூலையைப் பார்த்ததே இல்லை. அன்று நோயைத் தேடினேன், அரை நிமிடத்தில் கிடைத்தது, கண்ணை எடுத்துவிட்டேன். அவர் இங்கே இருந்திருக்கிறார்.

அழுதேன். அழும்போதும் பொறாமைப்பட்டேன், மறைப்பானேன். அவர் என் எதிரே உயிரோடு இருந்தார், ஆனால் அவள் விரல் நுனியில் இருந்தார். அவள் திருகிலிருந்து விரலை எடுக்காமல் என்னைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். பத்து நிமிட விதி தாண்டி அரை மணி ஆகியிருக்கும். அவள் விரல் வெளுத்துப்போயிருந்தது. அப்போதும் எடுக்கவில்லை.

நானே கடைசியில் கண்ணை எடுத்தேன். மூக்கைச் சிந்திக்கொண்டு, "ரெண்டாவது ஸ்லைட வை," என்றேன்.

வைத்தாள். எலியின் இதயம், அவசரமில்லாமல். வாய்விட்டு எண்ணினேன். ஏழு, எட்டு, ஒன்பது. பத்தாவது வரவில்லை. வர வேண்டிய இடத்தில் ஒரு வெறுமை, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் அடுத்தது. மறுபடி எண்ணினேன். மறுபடியும் பத்தாவது வரவில்லை.

அறிக்கையில் அவள் எழுதியிருந்தது அப்படியே நின்றது, கீழே இரண்டு கையெழுத்து. கிழிக்கப்பட்டது என் குறிப்பு. மாத்திரைக்காரர்கள் கத்தினார்கள், பிறகு புதிதாக எலிகள் வாங்கி, உயிரோடு இருக்கும்போதே இதயத்துடிப்பை வரைந்து பார்த்தார்கள், அதே இடத்தில் அதே ஓட்டை. சித்திரையில் யாருக்கும் அந்த மாத்திரை கொடுக்கப்படவில்லை. அந்த எட்டு பேர் எங்கேயோ முழங்கால் வலியோடு நடந்துகொண்டிருப்பார்கள், எங்களைத் தெரியாது. எங்கள் தொழிலில் வெற்றி என்பது ஒன்றும் நடக்காமல் இருப்பதுதான்.

ஆனால் எனக்கு ஒன்று நடந்தது. அன்று சாயந்திரம் தட்டைத் திருப்பி வாங்கிய தணிகைவேல் எண்ணிப் பார்த்துவிட்டு வந்து நின்றார்.

"மேடம், நாப்பது ஸ்லைடு போச்சு. நாப்பத்தொண்ணு வந்திருக்கு."

விதி தவறினால் நிரப்ப வேண்டிய விலகல் படிவத்தை நீட்டினார். காரணம் என்ற கட்டத்தில் கவனக்குறைவு என்று எழுதினேன். எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தேன். எங்கள் விதிப்படி எழுதியதை அழிக்கக் கூடாது, கிறுக்கி மறைக்கவும் கூடாது. பழையது படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் திருத்தத்தை எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் போட வேண்டும். ஒற்றைக் கோடு இழுத்தேன். பக்கத்தில் பொறாமை என்று எழுதி, செ.வ. என்று போட்டு, தேதி போட்டேன்.

தணிகைவேல் படித்தார். புருவம்கூட உயரவில்லை. "திருத்த நடவடிக்கைன்னு ஒரு கட்டம் காலியா இருக்கு மேடம்."

எழுதினேன்: வெள்ளிதோறும் நாலு மணி, எதிர் நாற்காலி.

"டோக்கன் வாங்கிக்கங்க. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்," என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை புல்தரையில் என் டோக்கன் பதினேழு. பதினாறு கன்னியம்மா. கண்ணாடிக் கதவு வழியே அவள் முதுகு தெரிந்தது. திட்டிக்கொண்டிருந்தாள். பத்து நிமிடம் ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று, பதினைந்து ஆயிற்று, ஜெபக்கனி விரலை எடுப்பதாகவே இல்லை. அவளுக்கு மட்டும் ஏன் இத்தனை நேரம் என்று எனக்கு வயிறு எரிந்தது. எழுந்துபோய்த் தணிகைவேலிடம் புகார் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன்.

கடைசியில் கன்னியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். புல்லில் உட்கார்ந்திருந்த என்னையும் என் மடியிலிருந்த கைப்பையையும் பார்த்தாள். அவளுக்கு ஆச்சரியமே இல்லை.

"போ டாக்டரம்மா," என்றாள். "உன் ஊட்டுக்காரரு காத்துக்கினு கீறாரு."

பையிலிருந்து ஸ்லைடை எடுத்தேன். எண் எழுதிய வெள்ளைக் காகிதம் அதன்மேல் இன்னும் ஒட்டியிருந்தது. நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, கிழியாமல் மெதுவாக உரித்தேன்.

மாரிச்செல்வம், ஆண், நாற்பத்தொன்பது.